பாதி முட்டி மாத்தினால் எத்தனை வருஷம் தாங்கும்?

இந்த வாரம் சம்பா வயலைப் பத்தி எழுதுறதாகச் சொல்லியிருந்தேன். மன்னிச்சுக்குங்க, அது அடுத்த வாரம். வீட்டில் பத்து நாளாக முட்டிப் பேச்சைத் தவிர வேற பேச்சு இல்லை. பட்டணத்தில் இருக்கிற உங்களில் பல பேருக்கு ஊரில் அம்மாவோ மாமியாரோ போனில் இதே பேச்சைத்தான் பேசிக்கிட்டிருப்பாங்க. அதனால் உங்களுக்கும் உதவும் என்று எழுதுறேன்.

என் வீட்டுக்காரம்மாவுக்கு 52 வயசு. இடது முழங்கால் நாலு வருஷமாகத் தொந்தரவு. முதலில் தைலம், அப்புறம் மாத்திரை, அப்புறம் திருவாரூரில் ரெண்டு தடவை ஊசி. இப்போ கொல்லைப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடிக்காமல் இறங்க முடியலை. போன பங்குனியில் உளுந்து பிடுங்கப் போனவள் அரை நாளில் வரப்பில் உட்கார்ந்துட்டா. உட்கார்ந்தவளைத் தூக்கிவிட ரெண்டு பேர் வேண்டியிருந்ததாம். அதை எங்கிட்டச் சொல்லவே இல்லை. கூடப் போனவங்க சொல்லித்தான் தெரியும்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கிக் காட்டினார். "உள்பக்கம் மட்டும்தாம்மா தேஞ்சிருக்கு, எலும்பும் எலும்பும் ஒட்டிடுச்சு. வெளிப்பக்கமும் சில்லுப் பக்கமும் நல்லாவே இருக்கு. உங்களுக்குப் பாதி மூட்டு மட்டும் மாத்தலாம். முழுசா மாத்தினாலும் தப்பில்லை. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார்.

அங்கே ஆரம்பிச்சது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற என் அண்ணன் மகன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு, "சித்தப்பா, பாதி வேலை எப்பவும் பாதி வேலைதான். ஒரே தடவையா முழுசா முடிச்சிடுங்க" என்றான். டீக்கடையில் கேட்டவர்கள் எல்லாரும் அதையே சொன்னாங்க. எல்லாரும் கேட்ட கேள்வியும் ஒண்ணுதான்: பாதி எத்தனை வருஷம் தாங்கும்?

நான் பாதிப் பக்கம். ஏன் என்று சொல்றேன். அதில் எனக்கு இருக்கிற பயத்தையும் மறைக்காமல் சொல்றேன்.

முதலில் பாதி மூட்டு என்றால் என்ன என்று எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லிடறேன். முழங்காலுக்குள் மூணு அறை இருக்கு. தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேர்கிற இடத்தில் உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, முன்னால் சில்லுக்குப் பின்னால் ஒண்ணு. நம்ம பெண்களுக்குப் பெரும்பாலும் உள்பக்கம்தான் முதலில் தேயும். வயசானவங்க கால் வில்லு மாதிரி வெளியே வளைஞ்சு போறது அதனால்தான். முழு மூட்டு மாத்துறப்ப ரெண்டு எலும்பு நுனியையும் முழுக்கச் சீவி, உலோகத் தொப்பி போட்டு, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைப்பாங்க. உள்ளே குறுக்கே ஓடுற முன் தசைநாரைப் பெரும்பாலும் எடுத்துடுவாங்க. பாதி மூட்டில் தேஞ்ச பக்கம் மட்டும் சீவி, அங்கே மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும். தசைநார் எல்லாம் அப்படியே இருக்கும். வெட்டும் சின்னது, ரத்தச் சேதமும் குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

இது புது வித்தையும் இல்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்ஃபெலோ என்ற மருத்துவரும் ஜான் ஓ'கானர் என்ற பொறியாளரும் சேர்ந்து 1970களிலேயே உருவாக்கின மூட்டுதான் இன்னைக்கும் பல இடத்தில் போடுறாங்க. அதில் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு கால் மடங்க மடங்க நகரும். அந்தத் தட்டுக்கு அவங்க வச்ச பேரே பேரிங்தான். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டது. பம்பு செட்டில் பேரிங் போனால் பேரிங்கைத்தான் மாத்துறோம், மோட்டாரையே தூக்கிப் போடுறதில்லை. ஆனால் ஷாஃப்ட்டும் சேர்ந்து தேஞ்சிருந்தால் பேரிங் மட்டும் மாத்தி என்ன செய்ய? மூணு மாசத்தில் திரும்பக் கத்தும். முட்டியும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு, மத்த பக்கம் நல்லா இருந்து, அந்த முன் தசைநார் அறுபடாமல் இருக்கிறவங்களுக்குத்தான் பாதி. வாத நோயால் மூட்டு முழுக்க வீங்கிப்போனவங்களுக்கு இது கிடையாது.

இப்போ எங்க அக்கா கதை.

அக்காவுக்கு வலது முட்டியில் பாதி மூட்டு வச்சது 2013இல். அப்போ அவளுக்கு 51. சொந்தமாக நாலு மா நிலம், அது போக ஊர் நடவுக்கெல்லாம் போவாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் செய்தது. மூணாம் நாள் கம்பு பிடிச்சு நடந்தாள், ஆறாவது வாரம் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனாள். சேத்தில் இறங்காதேம்மா என்று சொல்லித்தான் அனுப்பினாங்க. அடுத்த சம்பாவுக்கு இறங்கிட்டாள். நான் போய்ச் சத்தம் போட்டதுக்கு, "தம்பி, வீட்ல உட்கார்ந்து பார்த்துக்கிறதுக்கா இந்தக் கால மாத்தினேன்?" என்றாள்.

பத்து வருஷம் அந்தக் கால் அவளைத் தாங்கியது. பெரியவளுக்குக் கல்யாணம் செய்தாள். மாமியார் மூணு வருஷம் படுக்கையில் கிடந்தாங்க, தூக்கிக் குளிப்பாட்டினது இவள்தான். 2018 நவம்பரில் கஜா புயலில் கொல்லையில் பதினோரு தென்னை சாய்ஞ்சது. கரண்ட் இல்லாமல் கிடந்த நாளெல்லாம் கைப்பம்பில் தண்ணி அடிச்சு இடுப்பில் சுமந்தது அந்தக் காலோடுதான். சின்னவளை பிசியோதெரபி படிக்க வச்சாள். 2021 வாக்கில் முட்டிக்கு வெளிப்பக்கம் வலி வந்தது. மாத்தின பக்கம் நல்லாத்தான் இருந்தது, மாத்தாத பக்கம் தேய ஆரம்பிச்சிருந்தது. 2023இல் திரும்பத் திறந்து முழு மூட்டாக மாத்தினாங்க. இப்போ 63 வயசு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குறாள், சேத்துக்குப் போறதில்லை.

ஊரில் எல்லாரும் இதை எப்படிச் சொல்றாங்க தெரியுமா? "பாதி மாத்தி வீணாப்போச்சு, மறுபடி மாத்த வேண்டியதாப் போச்சு." ஆஸ்பத்திரிக் கணக்கிலும் அப்படித்தான். திரும்பத் திறந்த மூட்டு என்றால் அது தோத்த மூட்டு.

இந்தக் கணக்குதான் என்னை யோசிக்க வச்சது. சின்னவள், அக்கா மகள், இப்போ சென்னையில் வேலை பார்க்கிறாள். "மாமா, நீங்க பாட்டுக்கு வீடியோ பார்த்துப் பயப்படாதீங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்று ரெண்டு ஞாயித்துக்கிழமை போனில் உட்கார்ந்தாள். நான் பத்தாவது படிச்சவன். அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கிட்டேன். தப்பு இருந்தால் என் தப்பு.

2019இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்த பெரிய கணக்கு ஒண்ணு. பல வருஷமாகப் பதிவேடு வச்சிருக்கிற நாடுகளின் தரவை வச்சுப் போட்டது. முழு மூட்டு வச்ச நூறில் 82, 25 வருஷம் கழிச்சும் திறக்காமல் இருக்கு. பாதி மூட்டில் 70. 15 வருஷக் கணக்கைப் பார்த்தால் முழுசு 93, பாதி 77. இதைக் கேட்டதும் எனக்கே நெஞ்சு இறங்கிட்டது. அண்ணன் மகன் சொன்னதுதான் சரியோ என்று நினைச்சேன்.

"அவசரப்படாதீங்க மாமா" என்றாள். 2014இல் அதே பத்திரிகையில் வந்த இன்னொண்ணு. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல ஆட்களை, வயசு, உடம்பு நிலை எல்லாம் ஒத்துப்போற மாதிரி ஜோடி சேர்த்துப் பார்த்திருக்காங்க. பாதி மூட்டு வச்சவங்க எட்டு வருஷத்தில் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பத் திறக்கப்பட்டிருக்காங்க, அது நிஜம். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாதம், ரத்தம் ஏத்த வேண்டிவர்றது, சாவு எல்லாமே பாதி வச்சவங்களிடம் குறைவு. இதையும் அதே தராசில் வைக்கணுமா இல்லையா? டீக்கடையில் யாரும் இதைச் சொல்லலை.

அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கணக்கெல்லாம் எண்ணுறது எதை? திரும்பத் திறந்த முட்டியை. வலிக்கிற முட்டியை எண்ணலை. பாதி மூட்டு வலிச்சால், அதைத் திறந்து முழுசாக மாத்துறது பெரும்பாலும் முடியக்கூடிய வேலை. எலும்பு அதிகம் போயிருக்காது, அதனால் மருத்துவரும் சீக்கிரம் சரி என்பார். முழு மூட்டு வலிச்சால் அதைத் திறக்கிறது பெரிய வேலை, எலும்பும் கம்மியாக இருக்கும். "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்பார். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு வலி இருந்தாலும் ஒருத்தர் திறக்கப்படுவார், இன்னொருத்தர் பொறுத்துக்குவார். கணக்கில் முதல் ஆள் தோல்வி, ரெண்டாவது ஆள் வெற்றி. அந்த குட்ஃபெலோவே நியூசிலாந்துப் பதிவேட்டை வச்சு இதை எழுதியிருக்கிறார் என்று சின்னவள் சொன்னாள்.

எனக்கு அதைப் படிக்கணும் என்று இல்லை, எதிர்வீட்டிலேயே இருக்கு. எதிர்வீட்டுப் பெரியம்மா அக்காவுக்கு அடுத்த வருஷம் முழு மூட்டு வச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் யாரும் திறக்கலை. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, கணக்கில் வெற்றி. ஆனால் கால் பாதிக்கு மேல மடங்காது. பஸ்ஸில் ஏறினால் காலை நீட்டித்தான் உட்காரணும். மழை நாளில் ராத்திரி முழுக்கத் தேய்ச்சுக்கிட்டிருப்பாங்க. ரெண்டு மருத்துவர் பார்த்துட்டு, திரும்பத் தொட வேணாம் என்றுட்டாங்க. அதுக்காக முழு மூட்டையே குறை சொல்றேன் என்று நினைக்காதீங்க. பால் சொசைட்டியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன என் கூட்டாளிக்கு ரெண்டு காலும் முழுசு, தினமும் மன்னார்குடிக்கு சைக்கிளில் போய் வர்றார். என் அக்காவையும் பெரியம்மாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிக்க வச்சு, எது வெற்றி, எது தோல்வி என்று கேட்டால், பதிவேடு சொல்றதும் ஊர் பார்க்கிறதும் வேற வேறயாக இருக்கும் என்கிறதுதான் என் பேச்சு.

அக்காவுக்கு 51லிருந்து 61 வரை. ஒரு பொம்பளைக்கு வீட்டில் முழுப் பாரமும் இருக்கிற பத்து வருஷம் அது. அந்தப் பத்து வருஷத்தை நடந்து கடந்தாள். 61க்குப் பிறகு நாற்காலி வந்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. என் வீட்டுக்காரம்மாவுக்கு இப்போதான் 52.

சரி, 77 எண்ணத்தான் செய்யுது. அதையும் தள்ளிட முடியாது. ஆனால் அதே மூட்டை ஆக்ஸ்போர்டிலேயே, அதே வேலையாக இருக்கிற மருத்துவர்கள் 1000 முட்டிக்கு வச்சுப் பின்தொடர்ந்து பார்த்து 2015இல் எழுதினதில், பத்து வருஷத்தில் 94, பதினஞ்சு வருஷத்தில் 91 என்று இருக்கு. மூட்டு ஒண்ணுதான். 77க்கும் 91க்கும் நடுவில் இருக்கிறது கை. சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கிற கண்ணும்தான். வருஷத்துக்கு ரெண்டு மூணு பாதி மூட்டு மட்டும் செய்யறவர் கையில் இது சீக்கிரம் திரும்பத் திறக்குது, நிறையச் செய்யறவர் கையில் நிக்குது. இது பல நாட்டுப் பதிவேட்டிலும் தெரிஞ்ச விஷயமாம். நடவு மாதிரிதான், ஒரு நாள் நட்டவள் நட்ட வயலும் முப்பது வருஷம் நட்டவள் நட்ட வயலும் தூரத்திலிருந்தே தெரியும்.

அதனால் மருத்துவரிடம் கேட்டேன். கேட்கிறதுக்கு முன்னால் நாலு தடவை எச்சில் முழுங்கினேன். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வருஷத்துக்கு எத்தனை பாதி மூட்டு செய்வீங்க?" வீட்டுக்காரம்மா என் கையைக் கிள்ளினாள். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துட்டு, "மாசத்துக்கு மூணு நாலு பண்றேங்க. இதை யாரும் கேட்டதில்ல" என்றார். கோபப்படலை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடினது அப்போதான். ஊரில் இருக்கிற உங்க அப்பா அம்மாவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தைரியம் வராது. கூட வந்து நீங்கதான் கேட்கணும். பில்லு கட்டிட்டு மட்டும் போகாதீங்க.

"ஒரே தடவையா முடிச்சிடுங்க" என்கிற பேச்சுக்கு வர்றேன். 2017இல் லான்செட்டில் வந்த இன்னொரு கணக்குப்படி, 70 வயசுக்கு மேல முழு மூட்டு வச்சவங்களில் நூத்துக்கு அஞ்சு பேர்தான் ஆயுசில் திரும்பத் திறக்க வேண்டியிருக்கு. ஐம்பதின் ஆரம்பத்தில் வச்சுக்கிட்ட ஆம்பளைகளுக்கு அது 35. பொம்பளைகளுக்கு அதில் பதினஞ்சு குறைவு. அதாவது 52 வயசில் முழுசே வச்சாலும், ஒரே தடவை என்று யாரும் எழுதித்தர முடியாது. உழைக்கிற ஆளுக்கு மூட்டும் சேர்ந்துதானே உழைக்குது. எப்படியும் ரெண்டாவது தடவை வரலாம் என்றால், முதல் தடவை எலும்பை மிச்சம் வச்சுக்கிறது நல்லது என்று எனக்குப் படுது.

இது சொல்றதுக்குச் சுலபம். ரெண்டாவது தடவைக்குக் காசு யார் தருவா? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக்கு உச்ச விலை வச்சது, சாதாரண உலோக முழு மூட்டு 54,720 ரூபாய் என்று. நல்ல காரியம். ஆனால் பில்லில் மூட்டு மட்டுமா இருக்கு? ரூம், மயக்க மருந்து, தியேட்டர், ஊசி, பிசியோ. 2023இல் அக்காவுக்காக அத்தான் ஒரு மா நிலத்தை அடமானம் வச்சார். போன அறுவடையில்தான் மீட்டார். எனக்கு இப்போ 57. என் வீட்டுக்காரம்மாவுக்குப் பதிமூணு வருஷம் கழிச்சுத் திரும்பத் திறக்கணும் என்றால் எனக்கு 70. அப்போ நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிக்கிற நிலையில் இருப்பேனா, என்னையே யாராவது கூட்டிட்டுப் போகணுமா என்று தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல் நினைக்கிறது இதைத்தான். இந்தக் காரணத்துக்காக ஒருத்தர் முழுசு என்று முடிவெடுத்தால் நான் தப்பு சொல்லமாட்டேன்.

2019இல் வந்த இன்னொரு சோதனையும் நோட்டில் இருக்கு. இங்கிலாந்தில் 27 ஆஸ்பத்திரி, 528 பேர், சீட்டுக் குலுக்கின மாதிரி பாதிப் பேருக்குப் பாதி, பாதிப் பேருக்கு முழுசு. அஞ்சு வருஷம் பார்த்ததில் வலி, நடை எல்லாம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். செலவு பாதியில் குறைவு. முதல் அஞ்சு வருஷத்துக்கு எது வச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று புரிஞ்சுக்கிட்டேன்.

ஆனால் இந்த எண்ணெல்லாம் யாருடைய முட்டி? அங்கே மேஜையில் சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, உயரமான கட்டிலில் படுக்கிறவங்க முட்டி. சம்மணம் போட்டுச் சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து பாத்திரம் விளக்கி, அருவாமணையில் காய் நறுக்குற முட்டி அந்தப் பதிவேட்டில் எத்தனை இருக்கும்? தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற வழக்கம் உள்ள கொரியாவிலும் ஜப்பானிலும், அந்த நகர்ற பிளாஸ்டிக் தட்டு இடம் விட்டு நழுவுறது ஐரோப்பாவைவிட அதிகம் என்று அங்கே இருக்கிற மருத்துவர்களே எழுதியிருக்காங்க. தட்டு நகராமல் பொருத்தின மாதிரியும் பாதி மூட்டு இருக்கு. இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. எங்க மருத்துவரும் குந்தி உட்கார வேண்டாம் என்றுதான் சொல்றார். அக்கா வீட்டில் மண்ணெண்ணெய் கலர் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் ஓட்டை போட்டுக் கக்கூஸில் வச்சாங்க. அத்தான் கொல்லன் பட்டறையில் கம்பியைக் காய்ச்சி வட்டமாகச் சுட்டு எடுத்தார். பத்து வருஷம் அதுதான். ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னால் நான் வெஸ்டர்ன் டாய்லெட் வச்சிடணும் என்று கொத்தனாரிடம் சொல்லியாச்சு.

ஸ்வீடனில் முட்டிக்குப் பதிவேடு 1975லிருந்து இருக்கு. ஆஸ்திரேலியாவில் 1999, இங்கிலாந்தில் 2003. யாருக்கு எந்த மூட்டு, எந்த வருஷம், எப்போ திறந்தாங்க என்று எல்லாம் ஏறும். நம்ம நாட்டில் மூட்டு மருத்துவர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துது, ஆனால் விருப்பப்பட்டவர் எழுதினால் உண்டு. அக்காவுக்கு ஒரு வருஷம் கழிச்சு ஒரே ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் போன் பண்ணி, கால் எப்படிம்மா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கலை. இவளும் வலி இல்லையே என்று போகலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்திருந்தால், வெளிப்பக்கம் தேயறது முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

2023இல் புது மருத்துவர், "முதல்ல வச்சது எந்தக் கம்பெனி, என்ன சைஸு?" என்று கேட்டார். மூட்டுப் பெட்டியில் இருக்கிற சின்ன ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தருவாங்க. அந்தத் தாளுக்காக வீட்டையே கவிழ்த்தோம். ரேஷன் கார்டு, பட்டா இருக்கிற தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்தது, பாதி ராமபாணப் பூச்சி தின்னது போக. நல்லவேளை ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. என் பசுவுக்குக் காதில் மஞ்சள் வில்லையில் 12 இலக்க நம்பர் இருக்கு. எப்போ தடுப்பூசி போட்டாங்க என்று அதை வச்சு டாக்டர் செல்போனில் பார்க்கிறார். அக்கா முட்டிக்கு அது இல்லை. உங்க அம்மா அப்பாவுக்கு மூட்டு வச்சிருந்தால் அந்த ஸ்டிக்கரை இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

வர்ற செவ்வாய்க்கிழமை திரும்பத் தஞ்சாவூர் போறோம். பக்கவாட்டில் அழுத்திப் பிடிச்சு இன்னொரு எக்ஸ்ரே எடுப்பாராம். வெளிப்பக்கம் நிஜமாகவே நல்லா இருக்கா, தசைநார் பிடிப்பு இருக்கா என்று அதில் தெரியுமாம். சரியாக இருந்தால் பாதி. அங்கேயும் தேய்மானம் தெரிஞ்சால் முழுசு, அதில் எனக்கு வாதம் இல்லை. தை அறுவடை முடிஞ்சு மாசியில் தேதி கேட்கலாம் என்று இருக்கோம். பங்குனி உளுந்துக்கு ஆள் பார்க்கணும்.

வீட்டுக்காரம்மாவிடம் கடைசியாக நேத்து ராத்திரி கேட்டேன். "உங்க அக்கா மாதிரி பத்து வருஷம் கெடைச்சா போதும்ங்க. அதுக்குள்ள பேரப்புள்ள ஓட ஆரம்பிச்சிடும், பின்னால ஓடணும்ல" என்றாள். மகளுக்கு ஆறாம் மாசம் நடக்குது, அதைத்தான் சொல்றாள்.

உங்க வீட்டில் யாருக்காவது பாதி மூட்டு வச்சுப் பத்து வருஷம் தாண்டியிருந்தால் ரெண்டு வரி எழுதுங்க. எந்த வயசில் வச்சாங்க, இப்போ தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுதா, திரும்பத் திறந்தாங்களா. செவ்வாய்க்கு முன்னால் கிடைச்சால் எனக்கு உதவியாக இருக்கும்.